கண்ணை மூடச் சொன்ன சனிக்கிழமைகள்

நோய் போய்விட்டது என்று மகரகமை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிப் பதினொரு மாதமாகியும், அழகம்மாவை ஒரு வாளித் தண்ணீர் தூக்க யாரும் விடவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனால் வரிசையில் நிற்கும் பெண்கள் குடத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்கி, "நீங்க மொதல்ல புடிங்கக்கா" என்பார்கள். முன்பெல்லாம் அந்தப் பீலியில் ஒரு குடத்துக்கு மூன்று சண்டை நடக்கும். அழகம்மாவின் வாய்க்கு, வரிசை வீடுகளான அந்த லயம் முழுக்கப் பேர் உண்டு; அவளோடு சண்டை போட்டு ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தோட்டத்தில் ஒருத்தி கிடையாது. இப்போது சண்டைக்கு ஆளே இல்லை. அவளாக வலிய இழுத்தாலும், "பாவம், அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டாலே அழகம்மாவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது.

நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள், நாற்பத்து நான்காவது வயதில், 2005ஆம் ஆண்டு மாசி மாதம், இடது மார்பில் ஒரு கட்டியோடு கூடையை இறக்கி வைத்தாள். மார்பை எடுத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள், கரண்டு வைத்தார்கள். தலைமயிர் கொட்டித் திரும்ப முளைத்தது. இத்தனையும் அவள் உடம்பில்தான் நடந்தது. ஆனால் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. டாக்டர் சிங்களத்தில் அவள் புருஷன் வீரய்யாவிடம் பேசுவார். வீரய்யா தலையாட்டுவான். வெளியே வந்ததும், "ஒண்ணுமில்லம்மா, வெறும் கட்டிதான், எடுத்துட்டா சரியாப் போயிரும்னு சொல்றாரு" என்பான்.

பத்து நிமிடம் பேசிய டாக்டர் இந்த ஒரு வரியைத்தானா சொல்லியிருப்பார்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? அவளுக்குத் தெரிந்த சிங்களம் கடையில் கருவாடு வாங்கவும் பஸ்ஸை நிறுத்தவும்தான் காணும். ஆகவே நம்பினாள். நோயின் பேரை அவள் தெரிந்துகொண்டது மூன்றாவது ஊசிக்குப் போன நாளில், பக்கத்துக் கட்டிலில் கிடந்த கந்தப்பளைக்காரி ஒருத்தி சொல்லித்தான். அன்றைக்கு அழகம்மா அழவில்லை. இத்தனை நாளும் என்னைப் பச்சைப் பிள்ளை மாதிரி ஏமாற்றியிருக்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வீரய்யா கெட்டவன் இல்லை. அதுதான் பெரிய தொல்லையே. குடிகாரப் புருஷனாக இருந்தால் விளக்குமாற்றைத் தூக்கலாம். இவன் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, துணி துவைத்து, விறகு பிளந்து, அவள் தலைமாட்டில் வெந்நீர் வைக்கிறவன். முன்பு அவன் "அடியே" என்று கூப்பிட்டால் கீழ் லயத்து நாய் எழுந்து நிற்கும். இப்போது "ஏம்மா", "வாம்மா", "சாப்புட்டியாம்மா". ஒருநாள் அவள் வைத்த ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. முன்பானால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்திருப்பான். அன்று கண்ணில் நீர் வர முழுவதையும் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றான். மகள் நிஷாந்தியும் அப்படித்தான். பதினேழு வயதுப் பெண், அம்மா கையில் இருக்கிற பானையைப் பிடுங்கிக்கொண்டு, "நீ ஒக்காரும்மா" என்கிறாள். உட்கார்ந்து உட்கார்ந்து அழகம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மலைக்குப் போகவேண்டும். தன்னுடைய நிரையில் நின்று கொழுந்து பறிக்கவேண்டும், மற்றவர்களோடு கத்தவேண்டும், மழைக்குப் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டவேண்டும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் கிளம்பிப் போனபிறகு லயம் வெறிச்சென்று கிடக்கும். கிழடு கட்டைகளும் கைக்குழந்தைகளும் கோழிகளும் அழகம்மாவும் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில், நான் செத்துப்போய்விட்டேனா, யாரும் எனக்குச் சொல்லவில்லையா என்று அவளுக்குத் தோன்றும்.

ஆவணி மாதம் மகரகமைக்குப் போனபோது டாக்டர் வழக்கம்போல வீரய்யாவிடம் நிறைய நேரம் பேசினார். நடுவில் அவளைப் பார்த்துச் சிரித்தார், அவள் இடது கையைத் தூக்கிப் பார்த்தார், கிளினிக் கொப்பியில் நீளமாக எழுதினார். வெளியே வந்ததும் அழகம்மா விடவில்லை.

"என்ன சொன்னாரு? மலைக்குப் போலாமாமா?"

வீரய்யா செருப்பைக் குனிந்து மாட்டினான். மாட்டி முடிக்க ரொம்ப நேரமானது.

"ஒடம்பு சரியாம்மா. மனசுதான் இன்னும் தேறலையாம். நீ சும்மா சும்மா கோவப்படுறேல்ல, அதச் சொன்னேன். ஹட்டன்ல சனிக்கெழம சனிக்கெழம ஒரு வகுப்பு இருக்காம். எட்டு வாரம். அது முடிஞ்சு அந்த மிஸ்ஸு, மனசு சரின்னு லெட்டர் குடுக்கணுமாம். அதுக்கப்புறந்தான் மலை."

"மனசுக்கு லெட்டரா?"

"டாக்டர் சொன்னா கேக்கணும்மா."

கோபம் இருந்தால் லெட்டர் கிடையாது. லெட்டர் இல்லாததால்தான் கோபம். இந்தச் சிக்கலை எந்த நுனியில் பிடித்து அவிழ்ப்பது என்று அழகம்மாவுக்குத் தெரியவில்லை. சரி, எட்டு சனிக்கிழமைதானே, கோபமில்லாதவள் மாதிரி நடித்துத் தொலைக்கலாம் என்று முடிவு செய்தாள்.

வகுப்பு நடந்தது ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மரக்காலைக்கு மேல்மாடியில். கீழே வாள் மரத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். மேலே மனத்தை அமைதியாக்குவார்கள். யார் பார்த்துப் பிடித்த இடமோ. நடத்துகிறவள் ரோகினி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், கொழும்பில் படித்தவள், நல்ல மாதிரி. புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்த பெண்கள் ஐந்து பேர், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். அதில் பேச்சியம்மா என்பவள் கினிகத்தேனைப் பக்கம்; கர்ப்பப்பையை எடுத்தவள், எடுத்ததைப் பற்றிக் கல்யாணக் கதை சொல்கிற மாதிரிச் சொல்லுவாள். போன முதல் நிமிடத்திலேயே அழகம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

ரோகினியைப் பிடிக்கவில்லை. காரணம் சின்னதுதான். முதல் நாள் பேர் எழுதும்போது ரோகினி நிமிர்ந்து வாசலில் குடையோடு நின்ற வீரய்யாவைப் பார்த்து, "இவவுக்கு இரவில நித்திரை வருதோ அண்ணை? பசி எப்படி?" என்று கேட்டாள்.

"வருது மிஸ். கொஞ்சமாச் சாப்புடும்" என்றான் வீரய்யா.

அழகம்மா அவனுக்கும் அவளுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். என் தூக்கத்தை என்னிடம் கேட்டால் உனக்கு என்ன குறைந்துபோகும் என்று நாக்கு நுனி வரை வந்தது. லெட்டரை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

பிறகு ரோகினி ஒரு சின்ன வெண்கல மணியை அடித்தாள். "கண்ணை மூடுங்கோ. மூச்சைக் கவனியுங்கோ. உள்ள போறதைப் பாருங்கோ, வெளிய வாறதைப் பாருங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்." அழகம்மா கண்ணை மூடினாள். வேற ஒன்றும் செய்யாமல் இருப்பதைத்தான் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள். அதற்கு ஹட்டன் வரைக்கும் பஸ் ஏறி வரவேண்டுமா?

இரண்டாவது வாரம் ரோகினி ஆளுக்கு ஒரு முந்திரிவத்தல், அதாவது காய்ந்த திராட்சை, கொடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கவேண்டும், முகரவேண்டும், காதருகே வைத்து உருட்டவேண்டும், பிறகு நாக்கில் வைத்து மெல்லாமல் இருக்கவேண்டும். இப்படி ஐந்து நிமிடம். பேச்சியம்மா வாங்கியவுடன் வாயில் போட்டு விழுங்கிவிட்டு, "மிஸ், பாயாசம் எப்ப வரும்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், ரோகினியும் சிரித்தாள். அழகம்மா மட்டும் கையிலிருந்த வத்தலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருங்கிக் கறுத்துப்போன அந்த ஒன்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. வாயில் போட்டு வேகமாகக் கடித்தாள்.

மூன்றாவது வாரம் உடம்பு பூராவும் கவனத்தைக் கொண்டுபோகிற பாடம். பாயில் படுக்கவைத்து, கால்விரல், கணுக்கால், முழங்கால் என்று ரோகினி மெல்ல மெல்ல ஏறி வந்தாள். அழகம்மாவுக்கு அடிவயிறு வரை சரியாகத்தான் இருந்தது. "இனி நெஞ்சுக்கு வாங்கோ" என்றாள் ரோகினி. எந்த நெஞ்சுக்கு என்று அழகம்மா மனதுக்குள் கேட்டாள். வலது பக்கம் இருக்கிறது, இடது பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. குளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீரை ஊற்றுகிறவளை அங்கே போய்க் கொஞ்சம் இருந்துவிட்டு வா என்றால் எப்படி? அவள் கழுத்துக்குத் தாவிவிட்டாள். முடிந்ததும் "எப்படி இருந்தது அக்கா?" என்று ரோகினி கேட்டதற்கு, "நல்லா அமைதியா இருந்துச்சு மிஸ்" என்று சொன்னாள். ரோகினி அதைச் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

வீட்டில் தினம் பத்து நிமிடம் உட்காரவேண்டும் என்பது வீட்டுப்பாடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. இந்தச் சுவருக்கு அப்பால் டி.வி., அந்தச் சுவருக்கு அப்பால் பிள்ளை அழுகை, கூரைத் தகரத்தில் மழை. அதையெல்லாம் அழகம்மா பொறுத்துக்கொள்வாள். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தானே. பொறுக்க முடியாமல் போனது வீரய்யா செய்த காரியம். அவள் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடியதும் அவன் வாசலில் போய் நின்று, "தியானம் நடக்குது, யாரும் சத்தம் போடாதீங்க!" என்று லயம் அதிரக் கத்தினான். டி.வி. நின்றது. பிள்ளையின் வாயை யாரோ பொத்தினார்கள். பத்துக் காம்பராவும் மூச்சுக் காட்டாமல் அடங்கியது. சாவு வீட்டில்கூட அந்த லயம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அவள் கண்ணைத் திறந்து பார்த்தால், வாசலில் ஏழெட்டுப் பேர் கைகட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அன்றிலிருந்து அழகம்மா வீட்டுப்பாடம் செய்யவில்லை. செய்தேன் என்று மட்டும் சொன்னாள்.

ஆறாவது வாரம் கோபத்தைப் பற்றிய பாடம் வந்தது. "கோவம் வந்தால் அடக்கவும் வேண்டாம், அதோட சேர்ந்து ஓடவும் வேண்டாம்" என்றாள் ரோகினி. "ஆரோ வீட்டுக்கு வந்திருக்கினம் எண்டால் எட்டிப் பார்ப்பம்தானே? அப்படிப் பாருங்கோ. வந்திருக்கிறது ஆர், என்னத்துக்கு வந்திருக்கு எண்டு சும்மா பாருங்கோ." நல்ல பேச்சுத்தான். ஆனால் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அழகம்மா புன்னகை செய்துகொண்டிருந்தாள். ஆறு வாரமாகப் புன்னகை செய்து அவளுக்குக் கன்னம் வலித்தது. லெட்டருக்கு இன்னும் இரண்டே வாரம்.

எட்டாவது சனிக்கிழமை நல்ல மழை. பஸ் வேளையோடு வந்துவிட்டதால் அழகம்மாதான் முதலில் மாடியேறினாள். வீரய்யா கீழே தேநீர்க் கடையில் நின்றுகொண்டான்.

"இண்டைக்குக் கடைசி நாள்" என்றாள் ரோகினி. "உங்கட கிளினிக் கொப்பியைத் தாங்கோ அக்கா. இனி எப்ப மகரகமைக்குப் போகவேணும் எண்டு குறிச்சு வைக்கிறன்."

அழகம்மா பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். "அப்புடியே அந்த லெட்டரையும் எழுதிருங்க மிஸ்."

"என்ன லெட்டர்?"

"மனசு சரியாப் போச்சுன்னு. நீங்க குடுத்தாத்தான மலைக்குப் போக விடுவாங்க."

ரோகினி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கொப்பியைப் புரட்டினாள், ஒரு பக்கத்தில் விரலை வைத்து வாசித்தாள்.

"ஆர் அப்படிச் சொன்னது? இஞ்ச பாருங்கோ, உங்கட டொக்டர் ஆவணி மாசமே எழுதிப்போட்டார். கையில வீக்கம் இல்லை, மெல்ல மெல்ல வேலைக்குப் போகலாம். முதல் மாசம் அரைநாள். கையுறை போடவேணும், இடக்கையில பாரம் கூடாது. இந்த வகுப்பு வேற விசயம் அக்கா, விருப்பமெண்டால் வரலாம் எண்டுதான் எழுதியிருக்கு. அண்ணை உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அழகம்மா ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று விரலை மடக்கினாள். ஆவணி, கொழுந்து நன்றாக விளைந்திருந்த காலம். அப்போதே போயிருக்கலாம். அந்த மூன்று மாதமும் அவள் பாயில் உட்கார்ந்து, புன்னகை செய்து, முந்திரிவத்தலை முகர்ந்துகொண்டிருந்தாள்.

மற்றவர்கள் நனைந்த குடைகளோடு உள்ளே வந்துவிட்டார்கள். ரோகினி தாழ்ந்த குரலில், "வகுப்பு முடியக் கதைப்பம் அக்கா, நீங்கள் ஓகேதானே?" என்று கேட்டாள். அழகம்மா பழக்கத்தில் தலையாட்டினாள். மணி அடித்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"மூச்சு உள்ள போகுது. பாருங்கோ."

உள்ளே போனது. வெளியே வரவில்லை. மறுபடியும் உள்ளே போனது. வீரய்யா செருப்பை மாட்டிக்கொண்டு குனிந்து நின்றது அவள் மூடிய கண்ணுக்குள் வந்தது. 'டாக்டர் சொன்னா கேக்கணும்மா.' எவ்வளவு சாதுவாகச் சொன்னான்! அடிவயிற்றிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பியது. தொடை நடுங்கியது, தோள் நடுங்கியது, தலை தானாக ஆடியது. அவள் நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. திரும்ப முளைத்த மயிரில் முடிந்திருந்த சின்னக் கொண்டை அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கீழே அறுத்துக்கொண்டிருந்த வாளையும் மிஞ்சியது.

ரோகினி பதறிப்போய் எழுந்தாள். "அக்கா! கண்ணைத் திறவுங்கோ! ஆராவது தண்ணி கொண்டு வாங்கோ!"

"மிஸ், கிட்டப் போகாதீங்க!" என்று பேச்சியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சாமி ஏறியிருக்கு. மொதல்ல செருப்பக் கழட்டுங்க!"

எட்டு வாரமாக மணி அடித்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடச் சொன்னால் மலைநாட்டுப் பெண்கள் வேறு என்ன நினைப்பார்கள்? இத்தனை நாள் சாமி வராமல் இருந்ததுதான் அவர்களுக்கு ஆச்சரியம். பேச்சியம்மா குலவையிட்டாள், மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி இடுப்புப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அழகம்மாவின் நெற்றியில் அள்ளிப் பூசினாள். குலவைச் சத்தம் கேட்டுக் கீழே வாள் நின்றது. வீரய்யா இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான். வந்தவன் பெண்சாதியின் கோலத்தைப் பார்த்தான், குடையைப் போட்டான், அப்படியே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான்.

"தாயே! யாரு தாயி வந்திருக்கிறது?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"மாரியாத்தா, என்ன கொற வச்சோம்?" என்று வீரய்யா தரையிலிருந்தே அழுதான். "சொல்லு தாயி, இந்த நிமிசமே செஞ்சிர்றேன்."

நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. அழகம்மா கண்ணைத் திறக்காமல் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. 'இவளை மலைக்கு அனுப்பு' என்று மூன்று வார்த்தை போதும். வீரய்யா மறுபேச்சுப் பேசமாட்டான். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளையும் பேசமாட்டார். அவர்கள் தோட்டத்தில் முந்திய வருடத் திருவிழாவில் ஒரு மருமகள் மேல் இறங்கிய மாரியம்மன், மாமியாரை விட்டுத் தனிக் காம்பரா வேண்டும் என்று கேட்டு, அதை இரண்டே நாளில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். சாமி வாக்கை யார் தட்டுவது? ஒரு வார்த்தை, திங்கட்கிழமை காலையில் கூடை முதுகில் இருக்கும்.

ஆனால் போவது யார்? மாரியாத்தா கேட்டாள் என்று அனுப்பிவைத்த சீக்காளிதானே. இனி எதற்கெடுத்தாலும் ஆடினால்தான் கேட்பார்கள். தண்ணீர்க் குடம் தூக்க ஆடவேண்டும், ரசத்தில் உப்பு அதிகம் என்று புருஷன் வாயால் கேட்க ஆடவேண்டும். நினைக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"வந்திருக்கிறது யாரு, சொல்லு தாயி" என்று பேச்சியம்மா மறுபடியும் கேட்டாள்.

எட்டு வாரத்தில் முதன்முதலாக அழகம்மா ரோகினி சொன்னபடி உண்மையாகவே எட்டிப் பார்த்தாள். வந்திருந்தது மாரியாத்தா இல்லை. இரண்டு வருடக் கோபம். அது வெளியிலிருந்து வந்ததும் இல்லை, அவளுடையதுதான்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல" என்றாள், கண்ணைத் திறந்து. "நான் அழகம்மா. எந்திரிய்யா."

வீரய்யா எழவில்லை. கையை இன்னும் மேலே தூக்கிக் கும்பிட்டான். பேச்சியம்மா மற்றவர்களைப் பார்த்து, "சாமி வெளையாடுது" என்றாள்.

அழகம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "யோவ், எந்திரின்னு சொல்றேன்ல! அன்னைக்கு உப்புக் கரிக்கிற ரசத்தக் குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொன்னியே, அது மாரியாத்தாளுக்குத் தெரியுமா? நான் ஒம்பொஞ்சாதிய்யா! ஆவணியில டாக்டர் என்னய்யா சொன்னாரு? சொல்லு. மலைக்குப் போவக் கூடாதுன்னா சொன்னாரு?"

வீரய்யா மெல்லத் தலையைத் தூக்கினான். அவள் முகத்தைப் பார்த்தான், ரோகினியைப் பார்த்தான், ரோகினி கையிலிருந்த கிளினிக் கொப்பியைப் பார்த்தான். அவன் கும்பிட்ட கை இறங்கியது.

"சொல்லுய்யா! ஒரு தடவையாவது என்கிட்ட உள்ளதச் சொல்லு!"

"ஆமாண்டி!" என்று வீரய்யா கத்தினான். மாடி முழுக்க எதிரொலித்தது. "போலாம்னுதான் சொன்னாரு! நாந்தான் மறைச்சேன்! என்னடி செய்யச் சொல்ற என்னைய? நீ உள்ள கட்டில்ல கெடந்த. நான் வெளிய வெராந்தாவுல கெடந்தேன். என்கூடப் படுத்துக் கெடந்தவங்கள்ல எத்தன பேரு ஒத்தையா ஊருக்குப் போனாங்கன்னு ஒனக்குத் தெரியுமாடி? ஒவ்வொருத்தன் எந்திரிச்சுப் போவயிலயும் அடுத்தது நானோ நானோன்னு கெடந்தேன். நீ மழையில நனஞ்சு, கையக் கிழிச்சுக்கிட்டு, மறுபடியும் அந்தக் கேன்சரு வந்துச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

அந்தப் பேரை அவன் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பேச்சியம்மா திருநீற்றுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

அழகம்மா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை. ஆனால் இரண்டு வருடமாக யாரோ முன்பின் தெரியாத ஆஸ்பத்திரிக்காரனோடு குடும்பம் நடத்திவிட்டு, இன்றைக்குத்தான் புருஷன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "எனக்கும் பயந்தான்யா. தெனம் பயந்தான். ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம். எம்பங்கையும் நீயே எடுத்துக்கிட்டு என்னைய ஒக்கார வச்சிட்ட."

"தப்புத்தான்" என்றான் அவன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த ரசம் வாயில வைக்க முடியலடி" என்றான். பேச்சியம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

ரோகினி இதுவரை சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். வெறுங்காலோடுதான் நின்றாள், செருப்பை எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "கொப்பியில இங்கிலிசில இருக்கிறதை வைச்சு உங்கட தோட்டத்தில ஏற்கமாட்டினம் போல" என்றாள். "டொக்டர் எழுதினதை நான் தமிழில எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாறன். அரைநாள், கையுறை, எல்லாம் விளங்கிற மாதிரி." நான்கைந்து வரி எழுதினாள். ஓரிடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து, அழகம்மாவின் தலைக்கு மேலாக வீரய்யாவைப் பார்த்தாள். "எந்தத் திகதியில இருந்து வேலைக்கு எண்டு போட, அண்ணை?"

அழகம்மாவின் முதுகு விறைத்தது. இவ்வளவு நடந்தும், எட்டு வாரம் கவனி கவனி என்று பாடம் நடத்தியும், இவளுக்கு இன்னும் கேட்கத் தெரியவில்லையே! ஒரு கத்து கத்துவதற்கு அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வீரய்யா பேசிவிட்டான்.

"என்னையக் கேக்காதீங்க மிஸ்" என்றான், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இந்தா ஒக்காந்திருக்கா. அவளக் கேளுங்க."

ரோகினியின் முகம் சிவந்தது. பேனாவோடு அழகம்மா பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கெழம" என்றாள் அழகம்மா.